எழும்பும்போது

குத்தவைத்திருக்கும் வரை ஒன்றுமில்லை.
எழும்பும்போதுதான்
கருங்கல் சந்தையில் கரண்டு போனது மாதிரி
ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வரும்.
சாம்பல் அப்பிய கையால் தூணைப் பிடித்து
ஐந்து வரை எண்ணுவேன்.
மூன்றில் காது இரையும்.
நான்கில் ரோசிலியின் குரல்
கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும்.
ஐந்தில் அண்டியாபீஸ் திரும்பி வரும்:
அதே தகரக் கூரை, அதே வறுப்புப் புகை,
கொட்டை தட்டும் நூற்றிப்பத்துக் கட்டைகளின் சத்தம்.

செவ்வாய்க்கிழமை ஐந்து வரவில்லை.
உடைத்துவைத்த பருப்புத் தட்டின்மேலேயே விழுந்தேன்.
தட்டுக்கு என்ன ஆச்சு என்றுதான்
மேஸ்திரி வில்சன் முதலில் கேட்டாராம்.
ரோசிலி சொன்னாள்.

சுகாதார நிலையத்தில்
கையில் பட்டை சுற்றிக் காற்றடித்தாள் சிஸ்டர் பிரேமலீலா.
படுத்திருக்கையில் தொண்ணூற்றாறு.
"எழும்பி நில்லுங்க."
எழுபத்துநாலு.
மெஷினைத் தட்டிப் பார்த்து மறுபடி அடித்தாள்.
எழுபத்துநாலுதான்.

டாக்டர் சின்னப் பெண், மதுரைப் பக்கம்.
கீழிமையை இழுத்து வெளுப்பு பார்த்தாள்.
மாதம் எத்தனை நாள் போகும்,
காலையில் என்ன சாப்பிட்டீர்கள்,
வேறு மாத்திரை உண்டா, தைராய்டு உண்டா,
வயிற்றுப்போக்கு, காய்ச்சல்?
சிலருக்கு இயல்பே குறைவுதான், அதனால் கெடுதலில்லை;
உங்களுக்கு அப்படி இல்லை என்றாள்.
எழும்பும்போது ரத்தம் காலுக்கு இறங்கும்,
குழாய்கள் சட்டென்று சுருங்கி மேலே தள்ளணும்,
உள்ளே இருப்பதே குறைச்சல் என்றால்
எதைத் தள்ளும்?

எனக்குப் புரிந்தது.
பேச்சிப்பாறையில் ஷட்டர் திறந்த பிறகும்
எங்கள் ஊர்ச் சானலில் தவளை காய்ந்து கிடக்கும்.
தலைதான் உடம்புக்குக் கடைமடை.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"
"வெள்ளம் நான் அதிகம் எடுக்கதில்ல."
வெள்ளம் என்றதும் சன்னலைப் பார்த்தாள், பாவம்.
பிரேமலீலா சிரித்து அர்த்தம் சொன்னாள்.
பிறகு மூன்று பேரும் சிரிக்காமல் இருந்தோம்.

ஏன் என்று கேட்டபோது
கையில் கறுத்த தோலைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.
அண்டிப்பால் பட்டு வெந்த தோல், வலிக்காது.
சொல்ல வெட்கமாக இருந்தது:
கக்கூஸ் இரண்டு.
ஒன்றில் சாக்கு அடுக்கியிருக்கிறது.
இன்னொன்றின் சாவி வில்சனுக்க பெல்ட்டில்.
கேட்டால் தருவார், தராமலில்லை.
வாட்சைப் பார்த்துவிட்டுத் தருவார்.
ஒரு ஆணிடம் போய், அத்தனை பேர் பார்க்க,
அதைக் கேட்பதற்குப் பதில்
காலை ஆறரைக்கு ஒரு கட்டன்சாயா,
பிறகு சாயங்காலம்வரை நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிவைப்பது
லேசு.
பதினாறு வருஷமாக லேசு.

அவள் ஏட்டில் எழுதினாள்:
நீர்ச்சத்துக் குறைவு, ரத்தசோகை.
இரும்பு மாத்திரை முப்பது.
மெதுவாக எழவும்; உட்கார்ந்தபடி
கெண்டைக்காலை இறுக்கி விட்டபின் எழவும்.
உப்புப் போட்ட கஞ்சிவெள்ளம்
(இப்போது அவளும் வெள்ளம் என்றாள்).

"இன்னொரு காரியமும் எழுதித் தாங்க" என்றேன்.
எனக்க வாயிலிருந்துதான் வந்தது, என்னாலேயே நம்ப முடியவில்லை.
எழுதினாள், சீல் வைத்து:
வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்கவும்
தேவைப்படும்போது கழிவறை செல்லவும் வேண்டும்.

வில்சன் சீட்டைத் தூரத்தில் பிடித்து வாசித்தார்.
சட்டைப்பையில் அவருக்க பிரஷர் மாத்திரை அட்டை துருத்திக்கொண்டிருந்தது,
அவருக்கு ஏறுகிற பிரஷர்.
ஒன்றும் சொல்லவில்லை. சாவியைக் கழற்றினார்.
வாட்சைப் பார்த்தார், பழக்கம்.

பத்தரைக்கு ரோசிலி வந்தாள்:
"பிள்ளே, அந்தச் சீட்டக் கொஞ்சம் தாயேன்."
அவளுக்குப் பின்னால் தங்கபாய்.
அப்புறம் சல்வா, அவள் மகள், வறுப்புக்காரி லூர்து.

வெள்ளிக்கிழமை என்னிடம் திரும்பி வந்தபோது
மடிப்பெல்லாம் அண்டிப்பால் கறை.
எனக்க பெயர் இருந்த இடம் பொத்துப்போயிருந்தது.
மீதி எழுத்து
தெளிவாக வாசிக்கலாம்.